பழைய வேனில் வெடிச் சத்தம்: ஏழு வாரம் அலைந்த பிறகு எழுதுகிறேன்

கடந்த நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பினாங்கின் கிரீன் லேன் சாலையில் சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். பச்சை விழுந்ததும் நான் எண்ணெய்ப் பெடலை மிதித்தேன். அந்த நொடியில் எங்கள் வேனின் அடியிலிருந்து பட்டாசுக் கட்டு வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது; இதைத்தான் பேக்ஃபயர் என்பார்கள். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னிருக்கையில் இருந்த அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாயா தெருபோங்கிலிருந்து ஜெலுத்தோங் வரை அவரைக் கொண்டுபோய் விட்டு, நான்கு மணி நேரம் கழித்து அழைத்து வருவது என் பொறுப்பு. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், மாதத்திற்கு ஒருமுறைதான் வீட்டிற்கு வருவார். ஆகவே இந்த வண்டி ஓடாவிட்டால் எங்கள் வீட்டில் எதுவும் ஓடாது என்பதைச் சொல்லிவிட்டே மேலே எழுதுகிறேன்.

வண்டி 1996ஆம் ஆண்டு நிசான் வேனட். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் பழைய முறையில் அமைந்தவை. மாமனார் 2003இல் பழைய வண்டியாகவே வாங்கினார். அவர் காலமான பிறகும் விற்க மனம் வரவில்லை. சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைக்க இதைவிட வசதியான வண்டியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்ஜின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், உள்ளே வெடிக்கும் ஒவ்வொரு சத்தமும் ஓட்டுபவரின் காலடியிலேயே கேட்கும். பயம் இரட்டிப்பாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் போன பட்டறையில், சத்தத்தைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே "கார்புரேட்டர்தான்" என்று சொல்லிவிட்டார்கள். கழற்றிச் சுத்தம் செய்ய 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). நான்கு நாள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது, எனக்கும் நிம்மதி வந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் நல்ல மழை. வண்டி நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வருவதற்குள் மீண்டும் இரண்டு வெடி. திரும்பப் போனேன். "உள்ளே தேய்ந்துவிட்டது, புதிதாக மாற்ற வேண்டும்" என்றார்கள். 420 வெள்ளி கொடுத்துப் புதிய கார்புரேட்டர் மாற்றினேன். கழற்றிய பழையதை நான் கேட்டு வாங்கவில்லை. இந்த ஏழு வாரத்தில் நான் செய்த தவறுகளில் இன்றும் மனதை உறுத்துவது அதுதான். வண்டியோடு வந்த அசல் பொருள் அது. அதில் எந்தப் பழுதும் இருந்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தபோது, அவர்கள் அதைப் பழைய இரும்போடு போட்டுவிட்டிருந்தார்கள். எந்தப் பட்டறையானாலும் கழற்றிய பொருளை ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தவருக்கே அது சொந்தம், கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

புதிய கார்புரேட்டரும் அடுத்த மழை வரைதான் உதவியது. இரண்டாவது பட்டறையில் தீப்பொறி தரும் பிளக் நான்கையும் மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி, காதால் கேட்டே டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வைத்தார்கள்; 95 வெள்ளி. வண்டி நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது இன்ஜின் முன்பைவிடச் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் மேட்டில் ஏறும்போது உள்ளே கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற சத்தம் வரத் தொடங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஒருமுறை எதிர்த்து உதைத்துவிட்டுத்தான் சுற்றியது. இவை இரண்டும் டைமிங்கை அளவுக்கு மீறி முன்னால் வைத்ததற்கான அடையாளங்கள் என்று இப்போது அறிவேன். பிளக்கில் தீப்பொறி உரிய நேரத்திற்கு முன்பே விழுவதால், மேலே ஏறி வரும் பிஸ்டனை எரிந்த வாயு எதிர்த்துத் தள்ளுகிறது. ஆகவே அந்த நேரத்தை அளந்து காட்டும் டைமிங் லைட் இல்லாத பட்டறையில் டைமிங்கைத் தொட விடாதீர்கள். அதை வைத்திருப்பவர் எத்தனை பாகைக்கு வைத்தார் என்பதைச் சொல்லவும் முடியும், நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளவும் முடியும்.

நான்காவது வாரம் வியாழக்கிழமைதான் எல்லாவற்றிலும் மோசமான நாள். அதே கிரீன் லேன், அதே மழை. முன்பு கேட்டவை எல்லாம் சிறியவை என்று எண்ணும்படி ஒரு பெரிய வெடி. தொடர்ந்து இன்ஜின் நின்றுவிட்டது. சைலன்சரின் மடிப்பு பிளந்து கீழே தொங்கியது. இழுவை வண்டிக்கு 150 வெள்ளி. வேறு வண்டி பிடித்து அத்தையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவருடைய நேரம் கடந்துவிட்டது. அவருக்குரிய டயாலிசிஸ் நாற்காலியில் வேறொருவர் படுத்திருந்தார். மாலைச் சுற்றில் இடம் கிடைக்கும் வரை அத்தை சாப்பிடாமல், வீங்கிய கால்களை நீட்டியபடி காத்திருந்தார். ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மூன்றாவது பட்டறையில் சைலன்சரை மாற்ற 260 வெள்ளி ஆயிற்று. அதோடு "வால்வு எரிந்துவிட்டது, இன்ஜின் ஹெட்டைத் திறக்க வேண்டும், 1,800 வெள்ளி ஆகும்" என்றார்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளந்து பார்த்தீர்களா என்று கேட்க அன்று எனக்குத் தெரியாது. வீட்டிற்கு வந்து பீரோவைத் திறந்து என் சங்கிலியை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே வைத்தேன். அடகு வைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தூக்கமில்லை. வேனை நிறுத்திவிட்டு, அத்தையை இரண்டு வாரம் வாடகைக் காரில் அழைத்துப் போனேன். ஆறு நாள், நாளொன்றுக்குப் போகவர 36 வெள்ளி.

அந்த இரண்டு வாரத்தில்தான், மகளின் பழைய பள்ளிக்கூடப் பயிற்சி நோட்டை எடுத்து, நினைவில் இருந்தவற்றை எல்லாம் தேதிவாரியாக எழுதினேன். வெடித்தது எப்போது, வண்டி எந்த நிலையில் இருந்தது, வானிலை என்ன, அதற்கு முன் எதை மாற்றியிருந்தோம் என்று நான்கு கட்டம் போட்டேன். எழுதி முடித்ததும் மூன்றாவது கட்டத்தில் "மழை" என்ற சொல் கிட்டத்தட்ட எல்லா வரியிலும் இருந்தது. காய்ந்த நாட்களில் வெடித்தது ஒரே ஒருமுறை. அதுவும் முதல் நாள் இரவு வேனைக் கழுவிய பிறகு. சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் பெரியப்பா மகன் முன்பு லாரி ஓட்டியவர். அவரைத் தொலைபேசியில் அழைத்து அந்த நோட்டை அப்படியே படித்துக் காட்டினேன். "மழைக்குத்தான் வருதுன்னா பெட்ரோல் பக்கம் போகாதே தங்கச்சி, கரண்டு பக்கம் போ. ராத்திரி இருட்டுல சீட்டைத் தூக்கிப் பாரு" என்றார். மூன்று பட்டறைகளில் கிடைக்காத பதில் அது. அந்த நோட்டை முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் என் பணம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

அன்றிரவு பதினொரு மணிக்கு, அடுக்குமாடியின் கீழே விளக்கில்லாத மூலைக்கு வேனைக் கொண்டுபோய் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இருக்கையைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டேன். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் போத்தலை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மீதும் பிளக் வயர்கள் மீதும் பனிபோல இரண்டு முறை தெளித்தேன். இன்ஜின் தடுமாறியது. மூடியின் பக்கவாட்டில் நூல்போல ஒரு நீல ஒளி ஊர்ந்து, ஒரு வயரின் அடியிலிருந்து அடுத்த வயரின் அடிக்குத் தாவியது; நின்றது; மீண்டும் தாவியது. கீழே, பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்த இரண்டு வயர்களுக்கு இடையிலும் சிறு பொறிகள் மின்னின. ஐந்து வாரமாக எங்களை நடுரோட்டில் நிறுத்தியது இதுதான் என்று கண்ணால் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சோதனையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்த வயர்களில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம், இன்ஜின் ஓடும்போது எதையும் தொடக்கூடாது. பெட்ரோல் வாடை அடித்தாலோ குழாயில் கசிவு இருந்தாலோ இந்தச் சோதனையே கூடாது. தலைமுடியையும் துப்பட்டாவையும் கட்டிக்கொள்ளுங்கள், விசிறியும் பெல்ட்டும் அருகிலேயே சுற்றுகின்றன. ஒரு கிலோ தீயணைப்பான் ஒன்றை வேனிலேயே வைத்துக்கொள்வதும் நல்லது.

மறுநாள் இன்ஜின் ஆறிய பிறகு மூடியைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். உட்புறத்தில் இரண்டு பித்தளை முனைகளுக்கு இடையே, பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. அது மயிரிழை விரிசல். மின்சாரம் அதன் வழியாக ஓடி ஓடிக் கரியாகிப் போன தடம். முனைகளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. இரும்புச் சாமான் கடையில் 25 வெள்ளிக்கு மின்சாரத்தைச் சோதிக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, வயர்களைக் கழற்றி ஒவ்வொன்றாக அளந்தேன். மூன்று வயர்கள் ஏதோ ஓர் அளவைக் காட்டின. மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் வயர் எதையுமே காட்டவில்லை, உள்ளே அறுந்திருந்தது.

ஒரு சிறிய விரிசல் எப்படி இவ்வளவு பெரிய வெடியை உண்டாக்குகிறது என்பதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது புரிந்த பிறகுதான் மற்ற எல்லாமே எனக்குப் புரிந்தது. இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிகின்றன. மூடியிலும் அதே வரிசையில்தான் வயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதல் சிலிண்டருக்குப் போக வேண்டிய தீப்பொறி விரிசல் வழியாக மூன்றாவதற்குத் தாவினால் இரண்டு கேடுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மூன்றாவது சிலிண்டர் அப்போதுதான் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை இழுத்து முடிக்கிறது, அதன் உள்வழி வால்வு இன்னும் முழுதாக மூடியிருக்காது. அங்கே தீப்பற்றினால் சுவாலை வந்த வழியே திரும்பி, கார்புரேட்டர் வாயில் வெடிக்கும். முதல் சிலிண்டரிலோ தீயே விழவில்லை. எரியாத கலவை அப்படியே புகைபோக்கிக் குழாய்க்குள் போய்ச் சேர்ந்து, அடுத்து வரும் சூடான வாயுவில் பற்றி, அங்கே வெடிக்கும். எங்கள் சைலன்சர் பிளந்தது அப்படித்தான். அது விளைவு, காரணம் அல்ல. நான் 260 வெள்ளி செலவழித்தது விளைவின் மேல்.

ஆகவே யாருக்காவது இந்தத் தொல்லை வந்தால், பட்டறைக்குப் போவதற்கு முன் சத்தம் எந்த வாயிலிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். காலடியில், கார்புரேட்டர் பக்கம் வெடித்தால் தீப்பொறி தவறான நேரத்தில் விழுவது, பெட்ரோல் குறைந்து காற்று மிகுவது, கலவை சிலிண்டர்களுக்குப் போகும் இன்டேக் மேனிஃபோல்டு குழாயில் காற்றுக் கசிவு, உள்வழி வால்வு சரியாக மூடாதது ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். பின்னால் குழாயில் வெடித்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது, அல்லது பெட்ரோல் மிகுதியாகப் போகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது குழாய் இணைப்பில் காற்று நுழைகிறது. மழைக்கு மட்டும் வந்தால் மூடி, வயர், உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயில் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். வெயிலிலும் மழையிலும் ஒரே தாளத்தில், இதயத் துடிப்பு போல ஓயாமல் வந்தால்தான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயின்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாயின்ட்டையும் கண்டென்சரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள வேன்களில் முதலில் பழுதைக் காட்டும் ஸ்கேனர் கருவி போட்டுப் பார்ப்பதே முறை. இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தொடர்ந்து ஓட்டக்கூடாது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். இன்னொன்று: கார்புரேட்டரைப் பார்க்க வசதி என்று ஏர் ஃபில்டர் கூட்டை மாட்டாமல் ஓட்டாதீர்கள். கார்புரேட்டர் வழியே சீறும் சுவாலையைத் தடுத்து நிறுத்துவது அதுதான். எங்கள் ஏர் ஃபில்டர் காகிதத்தின் ஓரத்தில் கருகிய தழும்பு இருந்தது. அது இல்லாமல் ஓட்டியிருந்தால் இருக்கைக்கு அடியில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மூடி 45 வெள்ளி, அதனுள் சுழலும் ரோட்டர் 18, வயர் நான்கும் நடு வயரும் சேர்ந்து 85. பழைய மூடியிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி, அதற்குரிய புதிய வயரைப் புதிய மூடியில் அதே இடத்தில் மாட்டினேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் வரிசை மாறிவிடும், மாறினால் அதுவே பேக்ஃபயருக்குக் காரணமாகிவிடும். மாட்டுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். வயர்கள் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து, அதற்குரிய பிளாஸ்டிக் பிடிப்பில் செருகினேன். பழையவற்றை யாரோ எப்போதோ டேப் சுற்றிக் கட்டாகக் கட்டியிருந்தார்கள்.

அதன் பிறகுதான் நான்காவது பட்டறைக்குப் போனேன். ஜெலுத்தோங் பக்கம், வயதான சீனர் ஒருவர் தனியாக வேலை பார்க்கும் சிறிய இடம். இந்த முறை நான் சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு, மலாயில் வரிசையாகச் சொன்னேன். பிறகு, "அங்கிள், எதையும் மாற்ற வேண்டாம். கம்ப்ரஷன் அளந்து சொல்லுங்கள், டைமிங்கை லைட் வைத்துச் சரிசெய்யுங்கள், அவ்வளவுதான்" என்றேன். அவர் நோட்டை வாங்கிக் கட்டங்களை மட்டும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான்கு சிலிண்டர்களும் 145க்கும் 152 பிஎஸ்ஐக்கும் இடையில் இருந்தன. ஒரு வால்வு எரிந்திருந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் தனியாகக் கீழே விழுந்திருக்கும் என்றார். ஹெட்டைத் திறக்க எந்தத் தேவையும் இல்லை. கம்ப்ரஷனுக்கு 40, டைமிங்கிற்கு 40 வெள்ளி. ஆயிரத்து எண்ணூறு வெள்ளி வேலைக்குத் தலையாட்டும் முன் நாற்பது வெள்ளிக்கு ஓர் அளவெடுக்கச் சொல்லுங்கள். அளக்க மறுக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

மழை நாள் வெடிகள் அன்றோடு நின்றன. ஆனாலும் பாலேக் பூலாவிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக இறங்கும்போது, எண்ணெயிலிருந்து காலை எடுத்தால் பின்னால் "பட், பட்" என்று சிறு சத்தம் இருந்தது. முன்பு போல் பதறாமல், வேறு குறை என்று தனியாக எடுத்துக்கொண்டேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டு, மகளைக் குழாயின் முனையைத் தடித்த ஈரத்துணியால் சில நொடிகள் அடைக்கச் சொன்னேன். சைலன்சரும் முன்குழாயும் சேரும் இடத்தில் "உஸ்" என்று காற்று சீறியது. சைலன்சரை மாற்றியபோது அந்த இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வைக்காமலே முடுக்கியிருந்தார்கள். இறக்கத்தில் அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, மிச்சப் பெட்ரோலோடு சேர்ந்து பற்றியிருக்கிறது. கேஸ்கெட் 12 வெள்ளி, கூலி 30.

கணக்கை முழுதாக எழுதிவிடுகிறேன், யாருக்காவது ஒப்பிட உதவும். தவறான இடத்தில் போனது 180, 420, 95, 260, இழுவைக்கு 150, வாடகைக் காருக்கு 216, ஆக 1,321 வெள்ளி. உண்மையில் தேவைப்பட்டது மல்டிமீட்டரையும் சேர்த்து 295 வெள்ளி. ஏழு வாரமும், அத்தை அந்த வியாழக்கிழமை மாலை வரை காத்திருந்ததும் இந்தக் கணக்கில் வராது.

இப்போது வேன் ஐந்து மாதமாக வெடிக்காமல் ஓடுகிறது. மாதம் ஒருமுறை மூடியைத் துடைத்து உட்புறத்தைப் பார்க்கிறேன். இன்னொரு மூடியும் ரோட்டரும் வாங்கி இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். புதிய கார்புரேட்டர் மட்டும் குளிர்ந்த காலை நேரத்தில் இரண்டு நிமிடம் தடுமாறுகிறது. அசல் பொருள் பிறை பக்கத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்குமா என்று இரண்டு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.